நமசிக்குவின் இரண்டு டிஸ்க்குகள்

மோங்கு ஊர் வானொலி நிலையத்தின் பதிவறை நமசிக்குவின் ராஜ்ஜியம். வெள்ள அறிவிப்பு, பள்ளிப் பாட்டு, ஊர்க்கூட்டம் என்று பத்தொன்பது வருடக் குரல்கள் ஒரு கிழட்டுக் கம்ப்யூட்டரிலும் அதில் செருகிய வெளி ஹார்ட் டிஸ்க்கிலும் இருந்தன.

ஒரு திங்கட்கிழமை அந்த டிஸ்க் 'டக் டக்' என்று தட்ட ஆரம்பித்தது. இனி அதிக நாள் தாங்காது என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது. அதில் மட்டுமே இருந்த பதிவுகளை அன்றே கம்ப்யூட்டருக்கு ஏற்றிவிட்டு, நிலையப் பொறுப்பாளர் சித்தாலியிடம் போய் நின்றாள்.

"ரெண்டு புது டிஸ்க் வேணும் ஐயா. ஒண்ணு இங்க, இன்னொண்ணு வேற ஊர்ல."

"வேற ஊர்லயா? டிஸ்க்குக்கு மாப்பிள்ளை பாக்கப்போறியா?"

"சிரிங்க ஐயா. கையெழுத்தையும் போட்டுட்டுச் சிரிங்க."

சந்தையில் கடைக்காரன் லுபிந்தா விரல் நீள டிஸ்க் ஒன்றை நீட்டினான். "பதினாறு டெராபைட் அக்கா, பாதி விலை!"

"நெறச்சுப் பாத்துட்டு வாங்குறேன்."

"பொழுது போயிருமே! கடைய மூட வேண்டாமா?"

"நீ மூடிக்கோ. நான் உள்ள இருக்கேன்."

கையோடு கொண்டுபோன லேப்டாப்பைத் திறந்து பாட்டுகளை ஏற்றினாள். இரண்டு மணி நேரம் கழித்துப் பார்த்தால் எல்லாப் பெயர்களும் வரிசையாக இருந்தன. முதல் பாட்டுகள் பாடின. நடுவிலிருந்து ஒன்றுகூட வாய் திறக்கவில்லை. வேடிக்கை பார்த்த கூட்டம் 'ஓ' என்றது. லுபிந்தாவின் முகம் செத்துவிட்டது.

"சத்தியமா எனக்கே தெரியாதுக்கா. பெட்டியா வந்துச்சு."

"எழுதியிருக்கறதுதான் பதினாறு, உள்ள இடம் கொஞ்சம்தான். இப்பத் தெரிஞ்சுதுல்ல? அத்தனையும் அலமாரியிலேர்ந்து எடு."

எடுத்தான். பிறகு மரியாதையாக விலை உயர்ந்த ஒன்றைக் காட்டினான். "இதுல சுத்துற தட்டே இல்லக்கா. பறக்கும்."

"எங்க பழைய கம்ப்யூட்டர்ல டிஸ்க் செருகுற வாசல் குறுகல் தம்பி. எவ்வளவு வேகமா ஓடி வந்தாலும் வாசல்ல வரிசையிலதான் நிக்கணும். சாதாரணமானதே ரெண்டு குடு, வேற வேற கம்பெனி. ஒரே பெட்டியில பொறந்ததுங்க ஒண்ணாவே படுத்துடும்."

அந்த இரண்டையும் நிரப்பிச் சோதித்துவிட்டுத்தான் வாங்கினாள். ஒன்று கம்ப்யூட்டரோடு இருந்தது. மற்றதில் மாதம் ஒருமுறை புதுப் பதிவுகளையும் ஏற்றி, துணியில் சுற்றி, லிமுலுங்கா ஊரில் தங்கையின் தகரப் பெட்டியில் கொண்டுபோய் வைத்தாள். "மருமகன் சௌக்கியமா?" என்று சித்தாலி கேட்காத மாதம் இல்லை.

ஜனவரி மழைக்காலத்தில் ஒரு மதியம் நிலையத்தின் மேல் இடி விழுந்தது. கம்ப்யூட்டர், அதில் செருகியிருந்த டிஸ்க், இரண்டும் கருகின. சித்தாலி தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டார். நமசிக்கு லிமுலுங்காவுக்குப் பஸ் ஏறினாள். மறுநாள் இரவல் கம்ப்யூட்டரில் பத்தொன்பது வருடமும் திரும்ப வந்தது. கடைசி ஒன்பது நாள் மட்டும் போனது போனதுதான்.

அடுத்த மாதமே, கால்வாயில் யார் எங்கே வலை போடுவது என்று இரண்டு மீனவ ஊர்கள் முட்டிக்கொண்டன. பன்னிரண்டு வருடத்துக்கு முன் இரண்டு ஊர்த் தலைவர்களும் வானொலியிலேயே ஒப்புக்கொண்ட எல்லையை நமசிக்கு தேடி எடுத்து ஒலிபரப்பினாள். அவரவர் தலைவர் குரலை யார் மறுப்பது? மாலைக்குள் வலைகள் பிரிந்து தத்தம் பக்கம் போயின.

ஒரு கிழவர் படகிலிருந்து இறங்கி நேரே நிலையத்துக்கு வந்தார். "இதையெல்லாம் பத்திரமா வச்சிருந்த ஆம்பள யாரு?"

சித்தாலி எழுந்து நின்று கை காட்டினார். "ஆம்பள இல்ல ஐயா. எங்க நமசிக்கு."

அவள் தலையைக் குனிந்துகொள்ளவில்லை. "நான்தான் ஐயா, உக்காருங்க" என்று நாற்காலியை இழுத்துப் போட்டாள்.