எங்கள் வீட்டின் ஒரே வாக்கு

இரண்டாயிரமாம் ஆண்டின் அதிபர் தேர்தல் நடந்தபோது, டெக்சஸ் மாநிலத்துக் கேட்டி என்ற ஊரில் இருந்த எங்கள் வீட்டில் அரசியல் பேசுபவர்கள் இருவர் இருந்தனர். வாக்குரிமை உடையவர் ஒருவர் இருந்தார். இரண்டு பட்டியலிலும் இடம்பெற்றவர் எவருமில்லை.

அம்மா செவிலியர். அவளுக்குக் கிடைத்த வேலை விசாவில்தான் அப்பாவும் கைக்குழந்தையான நானும் கோபிச்செட்டிப்பாளையத்திலிருந்து ஹூஸ்டன் பக்கம் வந்து சேர்ந்திருந்தோம். தேர்தலுக்குச் சில மாதங்களுக்கு முன்பு அம்மா குடியுரிமைக்கான உறுதிமொழி எடுத்துக்கொண்டாள். அப்பா எடுக்கவில்லை. வெளிநாட்டுக் குடிமகனாகிவிட்டால் ஊரில் விவசாய நிலம் வாங்க முடியாது என்று காரணம் சொன்னார். அவர் எந்த நிலத்தையும் விலை பேசி வைத்திருக்கவில்லை. வாங்க முடியாது என்று ஒருவர் சொல்லும் நிலைமையைத்தான் அவரால் ஏற்க இயலவில்லை. எங்களோடு தங்கிப் பல்கலைக்கழகத்தில் ஆராய்ச்சி செய்துகொண்டிருந்த சித்தப்பாவோ மாணவர் விசாவில் இருந்தார். ஆக மூன்று பெரியவர்களுக்கு ஒரு வாக்கு என்ற கணக்கில் எங்கள் குடும்பம் அந்தத் தேர்தலைச் சந்தித்தது.

எரிவாயுக் குழாய்கள் பதிக்கும் நிறுவனம் ஒன்றில் வேலை பார்த்த அப்பா, யானையைச் சின்னமாகக் கொண்ட கட்சியின் பக்கம் நின்றார். எங்கள் மாநில ஆளுநரே அதன் வேட்பாளர் என்பதில் அவருக்குச் சொந்த ஊர்க்காரர் மேலுள்ள பற்றைப் போன்ற ஒன்று உண்டாகியிருந்தது. சித்தப்பா கழுதைச் சின்னத்தின் ஆதரவாளர். இரவுச் சாப்பாட்டின்போது விவாதம் தவறாமல் தொடங்கும்.

"ஏன்டா, சின்னம் வெக்கறதுக்கு உலகத்துல வேற பிராணியே கெடைக்கலியா அவங்களுக்கு? கழுதைக்குப் போயி எந்த மனுசன்டா ஓட்டுப் போடுவான்?"

"கழுதை பொதி சுமக்கும்ணா. யானையக் கட்டித் தீனி போட நம்மளுக்குக் கட்டுபடியாகுமா?"

"டேக்ஸ் கட்டறவன் நானு. ஸ்காலர்ஷிப்புல சாப்புடறவன் நீ பேசாத."

"அண்ணி, உங்க புருசன் என்னைய ஓசிச் சோறுங்கறாரு, கேட்டுக்கங்க."

"ரெண்டு பேரும் பேசறது பேசுங்க. தட்டத் தூக்கி சிங்க்ல போட்டுட்டுப் பேசுங்க" என்பாள் அம்மா.

பன்னிரண்டு மணி நேரப் பணி முடித்து வந்தவளுக்கு அதற்கு மேல் பேசத் தெம்பு இருக்காது. ஆனால் வாக்கு அவளிடம் இருந்தது. எனவே அக்டோபர் முழுவதும் இருவரும் அவளைத் தம் பக்கம் இழுக்க முயன்றனர். ஒரே துளையில் குத்தினால் அதிபரிலிருந்து உள்ளூர் நீதிபதி வரை எல்லா இடமும் யானைக் கட்சிக்கே போய்ச் சேரும் வசதி, ஊசியால் துளையிட்டு வாக்களிக்கும் அக்காலத்து டெக்சஸ் வாக்கு அட்டையில் இருந்தது. அப்பா அதைப் படம் வரைந்து விளக்கி, அம்மாவின் சாப்பாட்டுப் பைக்குள் வைத்தார். சித்தப்பா செவிலியர்கள் படும் பாடு பற்றிய செய்தித்தாள் நறுக்குகளைக் குளிர்பதனப் பெட்டியின் கதவில் காந்தத்தால் ஒட்டினார். அம்மா அப்பாவிடம் "செரி" என்றாள். சித்தப்பாவிடமும் "செரி" என்றாள். கேட்டுக்கொண்டேன் என்பதற்கு மேல் அந்தச் சொல்லில் ஏதுமில்லை என்பது இருவருக்கும் பிடிபடவில்லை.

தேர்தலுக்கு முந்தைய ஞாயிறன்று இருவரும் பந்தயம் கட்டினர். அம்மா யார் பக்கம் என்று தவறாகக் கணித்தவர், பொங்கல் வரை நாள்தோறும் இரவுச் சமையல் செய்ய வேண்டும். என் எதிரிலேயே இருவரும் கைகுலுக்கிக்கொண்டனர். அம்மாவை எவரும் கேட்கவில்லை.

என் பள்ளிக்கூடத்தின் உணவுக்கூடம்தான் வாக்குச்சாவடி. தேர்தலன்று எங்களுக்கு விடுமுறை. அப்பா அலுவலகத்துக்கும் சித்தப்பா ஆய்வகத்துக்கும் போய்விட்டதால் அம்மா என்னையும் அழைத்துச் சென்றாள். மருத்துவமனைச் சீருடையைத் தவிர வேறெந்த உடையிலும் அக்கறை காட்டாதவள், அன்று மாம்பழ நிறப் பட்டுப்புடவை உடுத்தியிருந்தாள். வரிசையில் நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். முன்னால் நின்ற ஒருவர் கல்யாணத்துக்குப் போகிறீர்களா என்று விசாரித்தார். ஆமாம் என்று தலையசைத்தாள்.

தடுப்புக்குள் போனதும் என் உயரத்துக்கு ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டாள். அட்டையைக் கருவியில் சொருகி, அதன் மேலிருந்த வேட்பாளர் பட்டியலின் பக்கங்களைப் புரட்டிப் புரட்டிப் படித்தாள். அப்பா சொன்ன ஒற்றைக் குத்து முறையை அவள் கையாளவில்லை. பள்ளிக் குழு, வடிகால் வரி, பெயர் கேள்விப்பட்டிராத நீதிபதிகள் என ஒவ்வொரு வரியிலும் விரல் வைத்து, இன்சுலின் அளவைச் சரிபார்க்கும் கவனத்தோடு முடிவெடுத்தாள். எல்லாம் முடித்த பிறகு முதல் பக்கத்துக்குத் திரும்பினாள். அதிபர் பெயர்கள் இருந்த இடத்தைச் சற்று நேரம் பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு என் கையைத் தன் கைக்குள் வைத்துக் குத்தூசியைப் பிடிக்கச் சொல்லி, ஒரு துளையில் அழுத்தினாள். டக் என்று ஓசை கேட்டது.

எந்தப் பெயர் என்று நான் பார்த்துவிட்டேன். எனக்கு ஒன்பது வயது. ஆங்கிலம் நன்றாகப் படிப்பேன்.

வெளியே வரும் வழியில், அட்டையைப் பெட்டியில் போட்டதும் அம்மா அங்கே அமர்ந்திருந்த முதிய வெள்ளைக்காரப் பெண்மணியிடம் இடக்கையின் ஆள்காட்டி விரலை நீட்டினாள். அந்த அம்மையார் பதறிப்போய், ஊசி குத்திவிட்டதா என்று கேட்டு விரலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். முதலுதவிப் பெட்டியைத் தேடினார். தன் ஊரில் வாக்களித்தவரின் விரலில் மை வைப்பார்கள், அது பல நாள் அழியாது என்று அம்மா வெட்கத்தோடு விளக்கினாள். "ஹனி, இங்கே மை கிடையாது, ஆனால் உன் விரலை வெறுமனே அனுப்ப மாட்டேன்" என்ற பொருள்பட ஏதோ சொல்லி, வாக்களித்தவர்களுக்குத் தரும் வட்ட ஒட்டுத்தாள் ஒன்றை அவர் அம்மாவின் விரல் நுனியில் மோதிரம் போல் சுற்றி ஒட்டிவிட்டார். எனக்கும் ஒன்று கிடைத்தது.

காரில் ஏறியதும் அம்மா உடனே கிளப்பவில்லை. ஸ்டியரிங்கில் அந்த விரலை வைத்துப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தாள்.

"ஊர்ல ரெண்டு தடவ ஓட்டுப் போட்டிருக்கேன். ஒண்ணு எங்கப்பா சொன்ன சின்னம். இன்னொண்ணு உங்கப்பனோட அப்பா சொன்ன சின்னம். வேன்ல கூட்டிட்டுப் போயி, வேன்ல கொண்டாந்து விட்டாங்க."

"ஸோ திஸ் இஸ் யுவர் தேர்ட் டைம்?" என்றேன்.

"இல்ல கண்ணு" என்றாள். கணக்குப் பாடத்தில் நான் கெட்டிக்காரி என்பதால் அந்தப் பதில் எனக்குப் பிழையாகத் தோன்றியது. பிறகு அவள் என் பக்கம் திரும்பி, "நீ பாத்தத யாருகிட்டயும் சொல்லக் கூடாது. அப்பாகிட்டயும்" என்றாள்.

"இஸ் இட் பேட்?"

"கெட்டதில்ல. என்னோடது."

காலை பத்தரை மணிக்கு எனக்கு ஐஸ்கிரீம் வாங்கிக் கொடுத்தாள். அந்த நேரத்தில் ஐஸ்கிரீம் தின்றது என் வாழ்வில் அதுவே முதல் முறை. ஒரு ரகசியத்துக்கு இவ்வளவு மதிப்பா என்று வியந்தேன்.

மாலையில் இருவரும் வீடு திரும்பிய கையோடு கேட்டனர். அம்மா சொல்லவில்லை. மறுநாள் நாடே விசித்திரமான நிலையில் கண்விழித்தது. யார் அதிபர் என்று தெரியவில்லை. நாட்டின் தென்கிழக்கு மூலையில் ஒரு மாநிலத்தில் வாக்குகளை மறுபடி எண்ண வேண்டியிருந்தது. எங்கள் வீட்டிலும் பந்தயத்தில் யார் தோற்றவர் என்று தெரியவில்லை.

"அப்பச் சமையல் யாரு?" என்று கேட்டார் அப்பா.

"தெரியற வரைக்கும் ரெண்டு பேரும் செய்யுங்க" என்றாள் அம்மா. அவள் சோபாவில் அமர்ந்து, கால்களை முக்காலிமேல் நீட்டிக்கொண்டாள். தொலைக்காட்சியில், கண்ணாடி அணிந்த அதிகாரி ஒருவர் வாக்கு அட்டையொன்றை விளக்குக்கு நேரே தூக்கிப் பிடித்துத் துளையை ஆராய்ந்துகொண்டிருந்தார்.

முடிவு தெரியாத அந்த ஐந்து வாரங்கள் போல எங்கள் வீடு அதற்கு முன்போ பின்போ களைகட்டியதில்லை. அப்பாவுக்குத் தெரிந்தது அரிசிம்பருப்புச் சாதம் மட்டுமே. அதை அவர் ஒருநாள் விட்டு ஒருநாள் பெருமிதத்தோடு பரிமாறினார். சித்தப்பா முட்டைக்கோஸ் பொரியலை டார்ட்டிலா என்ற மெக்சிகோ ரொட்டிக்குள் சுருட்டி வைத்து, இதுதான் உண்மையான டெக்சஸ் கொங்கு உணவு என்று அறிவித்தார். குக்கர் எத்தனை விசில் விட வேண்டும் என்பதில்கூட இரு கட்சிகளும் ஒத்துப்போகவில்லை. ஒருமுறை செய்தியைக் கேட்டபடி அப்பா ரசத்தில் இரண்டு முறை உப்புப் போட்டார். "ரீகவுண்ட் பண்ணுங்கண்ணா" என்றார் சித்தப்பா.

அட்டைகளில் சிலவற்றில் துளை முழுதாக விழாமல் தாள் துணுக்கு தொங்கிக்கொண்டிருந்ததால் அவை எண்ணப்படவில்லை என்று செய்தி வந்தது. குத்தியதில் என் கையும் இருந்தது. நான் சரியாக அழுத்தினேனா? அம்மாவிடம் போய்க் கேட்டேன். "டக்குனு சத்தம் கேட்டுதல்ல? போயிப் படி" என்றாள்.

அம்மாவிடம் ஒன்றும் பெயராது என்று தெரிந்தபின் இருவருடைய பார்வையும் என் மேல் விழுந்தது. சித்தப்பா நேர்வழியில் வந்தார். எங்கள் தெருவில் எல்லாக் குழந்தைகளும் அந்த ஆண்டு காலால் உந்தி ஓட்டும் மடக்கு ஸ்கூட்டர் வைத்திருந்தனர். என்னிடம் மட்டும் இல்லை. "அம்மணி, ஒரே ஒரு பேரு. ஸ்கூட்டரு உனக்கு" என்றார். அப்பா நுட்பமானவர். காரில் என்னை அழைத்துப் போகும்போது, "கண்ணு, நான் ஒண்ணும் கேக்க மாட்டேன். ரகசியம்னா ரகசியந்தான். நீ சிரிச்சா யானை, உம்முனு இருந்தா கழுதைன்னு நானே வெச்சுக்கறேன்" என்றார். சிரிப்பை அடக்கினால் ஒரு பொருள், அடக்காவிட்டால் இன்னொரு பொருள் என்ற பொறியிலிருந்து தப்பும் வழி தெரியாமல் புத்தகப்பையைத் தலையில் கவிழ்த்துக்கொண்டேன். பள்ளி வாசல் வரை பைக்குள்ளேயே பயணம் செய்தேன்.

டிசம்பரில் நீதிமன்றத்தில் விவகாரம் முடிவுக்கு வந்தது. அடுத்த நாள் மாலை, சாப்பாட்டு மேசைமேல் ஒரு நீளமான அட்டைப்பெட்டி இருந்தது. அதன் மேலிருந்த படத்தில் ஒரு சிறுமி ஸ்கூட்டரில் பறந்துகொண்டிருந்தாள். சித்தப்பா அதை வாங்கியே வந்துவிட்டிருந்தார்.

"நாட்டுக்கே முடிவு தெரிஞ்சு போச்சு. இனி நம்மூட்டு முடிவத் தெரிஞ்சுக்கறதுல என்ன தப்பு?" என்று அம்மாவிடம் கேட்டார் அப்பா.

அம்மா ஆரஞ்சுப் பழம் உரித்துக்கொண்டிருந்தாள். "என்னையக் கேக்காதீங்க. அவளும் பாத்தவதான். அவளுக்குச் சொல்லோணும்னா சொல்லட்டும்" என்றாள்.

நான் அம்மாவைப் பார்த்தேன். அவள் தலையை அசைக்கவில்லை, கண்ணைக் காட்டவில்லை, தோல் அறுந்துவிடாமல் ஒரே சுருளாகப் பழத்தை உரிப்பதிலேயே முனைப்பாக இருந்தாள். பெட்டியைப் பார்த்தேன். கைப்பிடிகளில் தொங்கும் வெள்ளிக் குஞ்சங்கள்கூடப் படத்தில் இருந்தன.

"ஐ ஃபர்காட், சித்தப்பா" என்றேன்.

"மறந்துட்டியா? உனக்கு நாலு வயசிருக்கப்ப நான் உன்ற பலூன ஒடச்சதுக்கு இன்னும் கேஸ் நடத்தறவ, இத மறந்துட்டியா?"

"ஐ ரியலி ஃபர்காட்."

அப்பா என்னை உற்றுப் பார்த்தார். பிறகு மேசையில் தட்டித் தட்டிச் சிரிக்கத் தொடங்கினார். "செரிடா, எந்திரி. பொங்கல் வரைக்கும் ரெண்டு பேருமேதான்" என்று சித்தப்பாவின் தோளைப் பிடித்து எழுப்பிச் சமையலறைக்கு அழைத்துப் போனார். ஸ்கூட்டர் கடைக்குத் திரும்பிப் போகவில்லை. மறுநாளே தெருவில் இறங்கிவிட்டது.

இப்போது விடுமுறை நாட்களில் கடைவாசல்களில் மேசை போட்டு வாக்காளர்களைப் பதிவு செய்கிறேன். மனைவியிடம் கேட்ட கேள்விக்குக் கணவர் பதில் சொல்லும்போது, மனைவியின் முகத்தையே பார்த்துக் காத்திருக்கப் பழகியிருக்கிறேன். நன்மைக்கென்றாலும் பொய் பொய்தானே என்று அந்த மாலையை எடைபோட்டுப் பார்த்ததுண்டு. முள் இதுவரை எந்தப் பக்கமும் உறுதியாகச் சாய்ந்ததில்லை.

அன்று எனக்கு அந்தக் குழப்பம் ஏதும் இல்லை. வேறொரு கவலைதான் இருந்தது. எங்கள் வீட்டில் எதை உடைத்தாலும் மன்னிப்பு உண்டு, பொய்க்கு மட்டும் கிடையாது. நோயாளி எந்த மாத்திரை தின்றான் என்பதில் ஒரு பொய் போதும், உயிர் போக என்பாள் அம்மா. ஆகவே திட்டுக்காகக் காத்திருந்தேன். அவளோ ஆரஞ்சைப் பிளந்து முதல் சுளையை என்னிடம் நீட்டினாள். அவள் கண்கள் ஈரமாக இருந்தன. எனக்கு விளங்கிவிட்டது: நான் சொன்னதை அம்மா நம்பிவிட்டாள். தானும் நானும் சேர்ந்து செய்த காரியத்தை நான் மறந்துபோனேன் என்றெண்ணி வருந்துகிறாள்.

பாவம் என்று இருந்தது. அடுத்த நாள் அவள் பணிக்குக் கிளம்பும்போது பின்னாலேயே ஓடி, காரின் கண்ணாடியை இறக்கச் சொல்லி, காதருகே போய், "அம்மா, நான் மறக்கலை" என்று தமிழிலேயே சொன்னேன்.

"அப்படியா!" என்றாள் அம்மா, கண்களை அகல விரித்து. அவளுடைய கவலையை நான்தான் தீர்த்து வைத்தேன் என்ற நிறைவோடு, தெருமுனையில் கார் திரும்பும் வரை கையசைத்துக்கொண்டு நின்றேன்.