அண்ணன் உருவிய அவரை இலை

உருவிப் போட்ட அவரை இலை குவியலாகக் கிடந்து வெயிலில் வாடும்போது ஒரு வாசனை வரும். பச்சையும் கசப்புமாக, மூக்கை விட்டுப் போகாத வாசனை... ஒரு கார்த்திகை மாதத்துச் சாயங்காலம், ஸ்ரீவில்லிபுத்தூர் வீட்டில் கொல்லைக் கதவைத் திறந்ததும் அதுதான் முதலில் வந்தது. பிறகுதான் பந்தலைப் பார்த்தேன்.

காலையில் அதற்குள் ஆள் நின்றால் தெரியாது. இப்போது வெறும் கொடி. அதன் வழியாகப் பின்வீட்டுத் தண்ணீர்த் தொட்டி தெரிந்தது.

அந்தப் பந்தல் என்னுடையது. இன்றும் அழுத்திச் சொல்வேன்.

எம்.எஸ்ஸி. தாவரவியல் முடித்துவிட்டு, இராஜபாளையத்தில் ஒரு பேண்டேஜ் துணிக் கம்பெனியில் சூப்பர்வைசராக இருந்தேன். படித்ததற்கும் பார்த்த வேலைக்கும் சம்பந்தமில்லை. என்னைவிட எட்டு வயது மூத்த அண்ணன், அந்த வருஷம்தான் பட்டாளத்திலிருந்து ஒரேயடியாக வந்திருந்தார். வந்த வாரமே என் மேஜை மாடிப்படிக்குக் கீழே போனது. புத்தகங்கள் அட்டைப்பெட்டிக்குள் போயின. ஒருவரும் என்னைக் கேட்கவில்லை. அந்த வீட்டில் என்னுடையது என்று மிச்சமிருந்தது, ஆடியில் நான் குழி தோண்டி ஊன்றிய அவரை மட்டும்.

மம்சாபுரத்து நண்பன் கொடுத்த விதை. மூங்கில் வாங்கி நானே பந்தல் போட்டேன். வாரம் தவறாமல் யூரியா கரைத்து ஊற்றினேன். கொடி கொழுத்துப் படர்ந்தது... அக்கம்பக்கத்துப் பந்தலெல்லாம் பூத்தபோது என்னுடையதில் இலை மட்டும்தான். தழைச்சத்து கூடினால் பூ வராது என்று பரீட்சையில் எழுதி மார்க் வாங்கியவன் நான். ஆனால் கொடி தளதளவென்று ஏறுகிற சந்தோஷத்தில், அந்தத் தப்பைச் செய்வதே நான்தான் என்று உறைக்கவில்லை.

"காலேஜ் அவரை. இலையத்தான் பொரியல் வைக்கணும் போல" என்பார் அண்ணன், சாப்பிடும்போது. மதினி சிரிப்பை அடக்கிக்கொண்டு தண்ணீர் ஊற்றுவார்.

அன்று சாயங்காலம் அதைக்கூடச் சொல்லவில்லை. பூக்கட்டும் என்று இலையைப் பாதிக்கு மேல் உருவி விட்டிருப்பதாகவும் இனி நான் தண்ணீரே காட்டக் கூடாது என்றும் சொல்லிவிட்டு, செருப்பைத் துடைக்கப் போய்விட்டார். ஆர்டர் போடுகிற பழக்கம்.

அன்றிலிருந்து அவரிடம் பேசுவதை நிறுத்தினேன்.

மூன்றாவது வாரம் பூத்தது.

மார்கழிப் பனியில் கொத்துக் கொத்தாகக் காய்... மதினி தினமும் ஒரு சுளகு நிறையப் பறித்தார். தெருவுக்கே கொடுத்தும் தீரவில்லை. ஒரு நாள் பொரியல், ஒரு நாள் பாசிப்பருப்பு போட்டுக் கூட்டு, ஒரு நாள் புளிக்குழம்பு. நான் நார்த்தங்காய் ஊறுகாயைத் தொட்டுக்கொண்டு சாப்பிட்டேன். ஒரு காயை வாயில் வைத்தாலும் அவர் செய்தது சரி என்று ஒப்புக்கொண்டதாகிவிடும் அல்லவா.

தை பிறந்ததும் அம்மா வற்றல் போட உட்கார்ந்தார். பிஞ்சாகப் பார்த்து நார் உரித்து, உப்புப் போட்ட கொதிநீரில் ஒரே ஒரு கொதி. வடித்து மொட்டைமாடியில் பழைய வேட்டியில் பரப்பினால், நாலு வெயிலில் கலகலவென்று சத்தம் போடும். ஒரு மத்தியானம் நான் மட்டும் வீட்டில் இருந்தபோது தூறல் விழுந்தது. ஓடிப்போய் வேட்டியோடு அள்ளி உள்ளே கொண்டு வந்தேன். அள்ளினேனே தவிர, ஒன்றைக்கூட வாயில் போடவில்லை. யாரிடமும் சொல்லவும் இல்லை.

பிறகு என் கல்யாணம், அம்மாவின் காரியம் என்று வந்தபோது அண்ணனோடு பேசத்தான் வேண்டியிருந்தது. நான் இராஜபாளையத்திலேயே குடியேறிவிட்டேன். அவரையைப் பற்றி மட்டும் இருவரும் எடுத்ததே இல்லை. இருபது வருஷத்துக்கு மேல் ஆகிறது. வேலையில் ஏதாவது என்னைக் கேட்காமல் நடந்தால், பஸ்ஸில் உட்கார்ந்தபடி அந்த மொட்டைக் கொடியைத்தான் நினைப்பேன்.

போன மாதம் அண்ணனுக்கு நெஞ்சுவலி. ஸ்டென்ட் வைத்து வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். பார்க்கப் போனேன். மதினி என்னைச் சாப்பிடாமல் விடவில்லை. இருவருக்கும் பக்கத்தில் பக்கத்தில் இலை. அண்ணனுக்கு உப்பில்லாத ரசச் சோறு. எனக்குப் புளிக்குழம்பு, எண்ணெயில் பொரித்த அவரை வற்றல்.

அண்ணன் என் இலையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அந்த வருஷம் நீ ஒத்தக் காய்கூடத் தொடல. நான் பாத்துக்கிட்டுத்தாம்ல இருந்தேன்."

மதினி கையில் கரண்டியோடு அப்படியே நின்றுவிட்டார். நான் ஒரு வற்றலை எடுத்து வாயில் போட்டேன். உப்பு சரியாக இருந்தது. மென்றுகொண்டே, இத்தனை வருஷமாக மனசில் வைத்திருந்ததைச் சொன்னேன்.

"ஒரு வார்த்த கேட்டுட்டு உருவியிருக்கலாம்லண்ணே."

அவர் கோபப்படவில்லை. சோற்றைப் பிசைவதை நிறுத்தினார்.

"ஏலே, கேட்டிருந்தா நீ விட்டுருப்பியா?"

விட்டிருக்க மாட்டேன். அது அவருக்கும் தெரியும். ஆனாலும் கேட்டிருக்கலாம்... இன்னும் இரண்டு வற்றல் போடச் சொல்லி மதினியிடம் இலையைக் காட்டினேன்.

திரும்பும்போது பஸ் ஸ்டாண்டில் இரண்டு பஸ்ஸை விட்டுவிட்டு நின்றேன். ஏன் என்று தெரியவில்லை.

இப்போது இராஜபாளையம் மார்க்கெட்டில் பன்னிரண்டு மாதமும் அவரைக்காய் கிடைக்கிறது. கால் கிலோ வாங்கினால் எனக்கும் என் மனைவிக்கும் மிஞ்சுகிறது. வேண்டாம் என்று ஒதுக்கினாலும் கவனிக்க ஆளில்லை.

அப்போது ஒரே வீட்டில், ஒரே பந்தியில் உட்கார்ந்து, நாலு மாதம் பேசாமல் இருக்க முடிந்தது. இப்போது இரண்டு நாளைக்கு ஒருமுறை நானே போன் போடுகிறேன். சாப்பிட்டாரா என்று கேட்கிறேன். "உப்பில்லாமச் சாப்பிட்டேன்" என்கிறார். அதற்கு மேல் பேச எங்களுக்கு ஒன்றும் இல்லை...

போனை அவரும் வைப்பதில்லை. நானும் வைப்பதில்லை.