தீர்ப்பான ஜன்னல்

அண்ணன் மறுபடியும் கேஸ் போடப்போகிறாராம். சிலிண்டர் கொண்டுவந்தவர் சொன்னார். அவருக்குச் சொன்னது கோர்ட்டுக்கு எதிரே இருக்கும் ஜெராக்ஸ் கடைக்காரர். அண்ணன் அங்கே வந்து பழைய கேஸ் கட்டை அவிழ்த்துப்போட்டு ஒரு காகிதம் விடாமல் நகல் எடுத்தாராம்.

"ஜன்னலை மூடணும்னுதாம்மா. இந்தத் தடவை மெஷின் சத்தம்னு போடப்போறாராம்" என்று சொல்லிவிட்டு அவர் பாட்டுக்குப் போய்விட்டார்.

மூக்குக்கண்ணாடிக்கு மெஷினில் லென்ஸ் தேய்ப்பது கண்ணாடியம்மாவின் தொழில். இருபத்தாறு வருடமாக வடக்கு ஜன்னலடியில்தான் உட்காருகிறாள். தேய்த்த லென்ஸைக் கழுவி, ஜன்னல் பக்கம் தூக்கிப் பிடித்து மெல்லச் சாய்த்துப் பார்ப்பாள். முடியளவு கீறலும் அந்த வெளிச்சத்தில் தப்பாது. "பல்பு வெளிச்சம் பொய் சொல்லும்" என்பாள்.

அந்த ஜன்னல் பக்கத்து வீட்டு முற்றத்தைப் பார்க்கிறது. பக்கத்து வீடு அண்ணனுடையது. "என் வீட்டுக்குள்ள எட்டிப் பாக்குது" என்று வழக்குப் போட்டு, கீழ்க்கோர்ட்டில் தோற்று, அப்பீலிலும் அவர் தோற்று ஒன்பது வருடமாகிறது. அன்றிலிருந்து பேச்சுவார்த்தை இல்லை. ஆனாலும் அவருடைய கண்ணாடிக்கு லென்ஸ் இவள்தான் தேய்க்க வேண்டும். அண்ணிதான் கொண்டுவருவாள். "மத்தவங்க தேய்ச்சா தலை வலிக்குதாம், மகாராஜாவுக்கு!" என்பாள்.

கண்ணாடியம்மா மெஷினை நிறுத்திவிட்டு, அன்று தன் கேஸை நடத்திய வக்கீலம்மாவிடம் ஓடினாள்.

"போடட்டுமே! அதே ஆளுங்க, அதே ஜன்னல், தீர்ந்துபோன கேஸ். வந்த வழியே திருப்பி அனுப்பிடுவாங்க."

"இது சத்தமாம் மேடம். வேற காரணமாச்சே?"

"அன்னைக்கு அந்தச் சத்தம் இருந்துச்சா, இல்லையா?"

"இருந்துச்சு. அதே மெஷின்தான்."

"அப்போ அன்னைக்கே சொல்லியிருக்கணும். இருக்கற காரணத்தையெல்லாம் ஒரே மூச்சுல சொல்லிடணும். நினைச்சப்ப ஒண்ணொண்ணா எடுத்து நீட்ட இதென்ன சட்டைப்பையில கிடக்கற மிட்டாயா?"

போன உயிர் திரும்பி வந்தது. வந்ததுதான் வந்தோம் என்று கண்ணாடியம்மா மெல்ல ஆரம்பித்தாள். "மேடம், எனக்கும் இப்போ பார்வை மங்குது. ஜன்னலை ஒரு முழம் அகலமாக்கிக்கலாமா?"

வக்கீலம்மா தீர்ப்பைப் புரட்டினார். "இரண்டடிக்கு மூன்றடி. இதற்குமேல் அகலப்படுத்தலாகாதுன்னு எழுதியிருக்கு. நீங்க இதையும் அன்னைக்கே கேட்டீங்க, முடியாதுன்னுட்டாங்களே. மறந்தாச்சா?"

"நாமதானே ஜெயிச்சோம்!"

"ஜெயிச்சவங்களையும் சேர்த்துத்தான் தீர்ப்பு கட்டும். அவருக்குச் சாத்தின கதவு உங்களுக்கு மட்டும் திறக்குமா?"

"அப்போ வழியே இல்லையா?"

"கோர்ட்ல இல்ல. உங்க அண்ணனே சரின்னுட்டா யாரு தடுக்கப்போறா? போன் பண்ணிக் கேளுங்க."

"அவருக்கா? நானா?"

"நான் பண்ணா நோட்டீஸ்னு பயந்துக்குவாரு."

வீட்டுக்கு நடக்கும்போது கண்ணாடியம்மாவுக்குச் சிரிப்பு வந்தது. இனி அவராலும் கோர்ட்டுக்கு இழுக்க முடியாது, அவளாலும் முடியாது. ஒன்பது வருடத்தில் தோள் இவ்வளவு லேசாக இருந்ததில்லை. ஜன்னலடியில் உட்கார்ந்து, கையிலிருந்த தேய்ப்புப் பொடியைத் துடைத்துவிட்டு, அண்ணன் நம்பரை அழுத்தினாள்.

ஜன்னலுக்கு அந்தப் பக்கம் மணி அடித்தது. ஓடிக்கொண்டிருந்த ரேடியோ நின்றது.

"யாருங்க?" அண்ணியின் குரல்.

"அவதான்."

"எடுங்களேன்."

"எதுக்குக் கூப்பிடறான்னே தெரியலையே."

"எடுத்தாத்தானே தெரியும்!"

மணி அடித்துக்கொண்டே இருந்தது. கண்ணாடியம்மா போனைக் காதிலிருந்து எடுக்கவில்லை.