பாணும் கதிரையும் விளங்கும் ஊர்

எங்கள் ஊரில் வெளிநாட்டுக்குப் போனவர்கள் வீட்டுக்கு ஒருவராவது இருந்தார்கள். வெளிநாட்டைப் பார்த்துவிட்டுத் திரும்பி வருவதற்கென்று போனவர் ஒருவரும் இல்லை. நான் ஐந்தாம் வகுப்பில் படித்தபோது அப்பா அப்படிப் போய்வர ஆசைப்பட்டார். நீர்வேலியில் அதை யாருக்கும் விளங்கப்படுத்த அவரால் முடியவில்லை.

அப்பாவுக்கு யாழ்ப்பாணத்தில் காணிக் கந்தோரில் வேலை. பழைய காணி உறுதிப் பத்திரங்களைப் புரட்டிப் புரட்டிப் போர்த்துக்கீசர்மேல் அவருக்கு விசித்திரமான ஒரு பிடிப்பு ஏற்பட்டிருந்தது. கோயில்களை இடித்தவர்கள் என்று பள்ளிக்கூடத்தில் எங்களுக்குச் சொல்லித்தந்த ஆட்களைப் பற்றி அவர், சண்டை பிடித்துக்கொண்டு போன சொந்தக்காரரைப் பற்றிப் பேசுவதுபோலப் பேசுவார். அவர்கள் கப்பலேறிய லிஸ்பன் நகரத்தை ஒரு கிழமை, ஏழே ஏழு நாள், நடந்து பார்க்க வேண்டும். அவ்வளவுதான் ஆசை. மூன்று பேரும் போக வசதி இல்லை. அம்மாவுக்கு விருப்பமும் இல்லை.

வேலையால் வந்து தேத்தண்ணீர் குடித்ததும், கைபேசியில் அந்த நகரத்தின் வரைபடத்தை விரித்து வைத்துக்கொண்டு அப்பா திட்டம் போடத் தொடங்குவார். ஆற்றங்கரைக் கோபுரத்தைக் காலையில் பார்ப்பதா, வெயில் தாழப் பார்ப்பதா. மேட்டுத் தெருக்களில் டிராமில் ஏறுவதா, நடப்பதா. எனக்கு அவர் தந்த வேலை சொல் தேடுவது. கதிரை, மேசை, அலுமாரி, யன்னல், சப்பாத்து, துவாய் என்று நான் வீடு முழுக்க ஓடி ஓடிக் கண்டுபிடிப்பேன். எல்லாம் அவர்கள் விட்டுப்போன சொற்கள் என்பார். மேசை லாச்சியை இழுத்துக் காட்டினால் மட்டும், அது ஒல்லாந்தருடையது, விடு என்பார். அங்கே போய் ஒவ்வொன்றாகச் சொல்லிப் பார்த்து, எது விளங்கியது, எது விளங்கவில்லை என்று எனக்குத் தொலைபேசியில் சொல்வதாக எங்களுக்குள் ஒப்பந்தம்.

"நான் அங்கை பட்டினி கிடக்க மாட்டன், பிள்ளை. பாண் எண்டு கேட்டால் பாண் தருவினம்."

பாண் தின்னவா இவ்வளவு தூரம் போக வேண்டும், சுன்னாகத்துப் பேக்கரி போதாதா என்று அம்மா குசினிக்குள் இருந்து கேட்டார்.

செய்தி பரவியதும் ஊர் எங்கள் வீட்டுக்கு வரத் தொடங்கியது. அப்பா அப்போது விசாவுக்கு இன்னும் விண்ணப்பித்திருக்கவே இல்லை. பெரியம்மா லண்டனில் இருக்கும் மகனுக்கு மிளகாய்த்தூள் கொண்டுவந்தார். லிஸ்பன் வேறு நாடு என்று அப்பா சொன்னபோது, எல்லாம் ஒரு பக்கம்தானே என்று பொதியை வைத்துவிட்டுப் போனார். பக்கத்துத் தோட்டக்காரர் எங்கள் வாழைத்தோட்டத்தைக் குத்தகைக்குக் கேட்டார். இன்னொருவர் அப்பாவின் மோட்டார் சைக்கிளைச் சுற்றிச் சுற்றி வந்து டயரை அமத்திப் பார்த்தார். ஒரு கிழமைதான் போகிறேன் என்று அப்பா எல்லோருக்கும் சொன்னார். எல்லோரும் ஓம் ஓம் என்று தலையாட்டிக் கண்ணைச் சிமிட்டினார்கள். வெளியில் விடக்கூடாத கதையை வெளியில் விடாத கெட்டிக்காரன் என்று அவருடைய மதிப்பு உயர்ந்ததுதான் மிச்சம்.

அம்மாவுக்கு இது ஒன்றும் சிரிப்பாக இல்லை. அம்மாவின் அண்ணன் நான் பிறக்க முன்பே பிரான்சுக்குப் போனவர். அவருடைய மனைவி, என் மாமி, எங்கள் ஒழுங்கை தெருவில் ஏறும் முனையில் தனியாக இருந்தார். ஒவ்வொரு நல்லூர்த் திருவிழாவுக்கும் மாமா வருகிறார் என்று சொல்லிக்கொண்டிருந்த மாமி, பிறகு அப்படிச் சொல்வதையும் விட்டுவிட்டார். அம்மா அந்த வீட்டைத் தாண்டித்தான் தினமும் கடைக்குப் போய்வந்தார். இதையெல்லாம் யோசித்தால் அம்மாவைப் பிழை சொல்ல எனக்கு வாய் வருவதில்லை.

விசாவுக்காகக் கொழும்புக்குப் புறப்பட்ட அன்று, அப்பா வழமைபோலப் போட்டு வாறன் என்று விடைபெற்றார். அம்மா வாசல் படலையைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"என்ரை அண்ணையும் போட்டு வாறன் எண்டுதான் சொல்லிப் போனவர்."

அப்பா அதைப் பகிடியாக எடுத்துக்கொண்டு, சிரித்தபடியே போனார்.

கொஞ்ச நாளில் பதில் வந்தது. மனைவி, பிள்ளை, காணி, அரசாங்க வேலை எல்லாம் காட்டியும், இவர் திரும்பிப் போவார் என்று நம்ப அவர்களால் முடியவில்லையாம். வெள்ளைக்கார அதிகாரிகளும் நீர்வேலிச் சனமும் ஒரு விஷயத்தில் ஒத்துப்போனது அப்போதுதான். ஊரார் துக்கம் விசாரிக்க வந்தார்கள். இரண்டொருவர் வேறு வழியால் ஆள் அனுப்புகிறவர்களைத் தெரியும் என்று அப்பாவின் காதுக்குள் சொன்னார்கள். பெரியம்மா மிளகாய்த்தூளைத் திருப்பி எடுத்துக்கொண்டு போனார்.

அப்பா பிறகு விண்ணப்பிக்கவே இல்லை. நான் படித்து முடித்து, உழைத்து, அவரைக் கூட்டிக்கொண்டு போகக்கூடிய நிலைக்கு வந்தபோது அவர் உயிரோடு இல்லை. அப்படி ஒன்றும் பெரிய ஆசை இல்லை அது. அதுகூடக் கிடைக்காமல் போய்விட்டாரே என்று இன்றைக்கும் எனக்கு ஆறவில்லை.

பதில் வந்த அடுத்த வெள்ளிக்கிழமை அம்மா என்னைப் பிள்ளையார் கோயிலுக்குக் கூட்டிக்கொண்டு போனார். ஒரு உரப்பை நிறையத் தேங்காய், நேர்த்திக்கடன் என்றார். வாசல் கல்லில் ஒவ்வொன்றாக அடித்துச் சிதறவிட்டார். உடைக்கும்போது அழுதார். அப்பாவுக்கு விசா கிடைக்காத கவலை என்று நான் நினைத்தேன். சிதறிய துண்டுகளில் நல்லதாகப் பார்த்துச் சட்டையில் பொறுக்கிக்கொண்டு, அம்மாவுக்கு முன்னால் வீட்டுக்கு ஓடினேன். அப்பா முற்றத்தில் கதிரையில் இருந்து கைபேசியைப் பார்த்துக்கொண்டிருந்தார். அம்மா உங்களுக்காக வைத்த நேர்த்தி என்று சொல்லி ஒரு துண்டைக் கொடுத்தேன். வாயில் போட்டு மென்றபடி, பின்னால் வந்த அம்மாவை நிமிர்ந்து பார்த்தார்.

"எப்ப வைச்ச நேர்த்தி?"

"நீங்கள் கொழும்புக்குப் போன அண்டைக்கு."

மென்றுகொண்டிருந்த வாய் நின்றது. பிறகு மெதுவாக விழுங்கினார். அம்மா குசினிக்குள் போய்விட்டார்.

கேட்டது கிடைத்த பிறகுதான் நேர்த்தித் தேங்காய் உடைப்பார்கள் என்பது அந்த வயதில் எனக்குத் தெரியாது. அப்பாவின் முகம் வாடியிருந்தது மட்டும்தான் தெரிந்தது. அவருடைய மடியில் ஏறி இருந்து, கவலைப்பட வேண்டாம், அம்மா கேட்டதைப் பிள்ளையார் கட்டாயம் கொடுப்பார் என்று ஆறுதல் சொன்னேன்.