வெயிலில் காய்ந்த கிருமி

வேர்க்கடலை விதைக்க மண் பதமாக இருக்கிறது. விதையில் கலக்கும் நுண்ணுயிர் உரம் வாங்க, இன்று படாளத்திலிருந்து பஸ் பிடித்துச் செங்கல்பட்டு உரக்கடைக்குப் போனேன்.

கடைக்காரர் ஒரு பாக்கெட்டை நீட்டினார். ஈரமாக இருக்க வேண்டிய கருப்புத் தூள், மூக்குப்பொடி போல உலர்ந்து கிடந்தது.

"இன்னா அண்ணாத்த, இப்பிடி காஞ்சு கீது?" என்றேன்.

"வரச்சொல்ல ஈரமா இருந்துச்சுப்பா. பூஞ்சை புடிச்சிடப் போவுதுன்னு எல்லாத்தையும் பிரிச்சு மாடில கொட்டி, நல்லா வெயில்ல காய வெச்சு கட்டினேன்."

"வெயில் பட்டா உள்ள கீற கிருமி செத்துடும் அண்ணாத்த. அந்தக் கிருமிதான் உரமே."

அவர் முகம் சுருங்கியது.

"கிருமி கீற சரக்கையா நான் விப்பேன்? செத்துச்சுன்னா நல்லதுதானே."

ஊரில் வேறெந்தக் கடையிலும் அது இல்லை.

வீட்டுக்கு வந்தால், உரம் விதையில் ஒட்டும்படி பிசற என் மனைவி கஞ்சி காய்ச்சி ஆறவைத்திருந்தாள். உப்புப் போட்டு நானே குடித்தேன்.

இந்த உரத்தை ஈரத்தோடு விற்கும் கடை தெரிந்தவர்கள் ஒரு கார்டு போடுங்கள். கார்டு வந்து சேர்வதற்குள் என் நிலமும் காய்ந்துவிடும். அதற்கு மட்டும் யாரும் மாடி ஏற வேண்டியதில்லை.