அச்சுப்பிழை அல்ல

போன வருடம் மாசித் திருவிழாவுக்குப் பத்து நாள் முன்பு, கடலூர் மஞ்சக்குப்பத்தில் இருக்கும் என் ரேடியோ ரிப்பேர் கடையில் நடந்தது இது. என் வீட்டுக்காரரிடம் தொழில் கற்று, அவருக்குப் பிறகு நானே நடத்தும் கடை. மிக்ஸி, ஆம்ப்ளிஃபயர் எதுவானாலும் என் கைக்கு அடங்கும். எழுத்து மட்டும் கூட்டிக் கூட்டித்தான் படிப்பேன். அதை வெளியில் சொல்வதில்லை.

சிதம்பரத்திலிருந்து ஒரு கிடார்க்காரர் வந்தார். ஐம்பது வயதிருக்கும். பழைய எலெக்ட்ரானிக்ஸ் பத்திரிகையில் சர்க்யூட் படம் போட்ட ஒரு பக்கமும், அந்தக் காலத்து டிரான்சிஸ்டர் இரண்டும் கொண்டுவந்திருந்தார். கிடார் சத்தத்தைக் கரகரவென்று ஆக்கும் ‘ஃபஸ்’ டப்பா ஒன்றை அந்தப் படத்தைப் பார்த்துச் செய்து தர வேண்டும். கிள்ளை ஊர் மாசித் திருவிழாக் கச்சேரியில் பழைய பாட்டுக்கு அந்தச் சத்தம்தான் வேண்டுமாம். அந்த இரண்டு டிரான்சிஸ்டருக்காக நான்கு மாதம் அலைந்தாராம்.

“கீழ பொடி எழுத்துல என்னமோ போட்டிருக்குக்கா, எனக்குப் புரியல, நீங்க பாத்துக்கோங்க.”

“பாத்தாச்சு, பாத்தாச்சு. எழுத்தா தம்பி வேலை செய்யுது? கைதான் செய்யுது” என்றேன்.

படத்தில் பேட்டரியின் பிளஸ், எல்லாம் வந்து சேரும் பொதுக் கம்பியான எர்த்துக்குப் போயிருந்தது. கடை என் கைக்கு வந்த பிறகு நான் பார்த்த வேலையில் எல்லாம் மைனஸ்தான் எர்த். அச்சடித்தவன் தப்பாகப் போட்டுவிட்டான் என்று நானே மாற்றி வைத்தேன். டப்பா வாயே திறக்கவில்லை. ஈயம் சரியாகப் பிடிக்கவில்லையோ என்று டிரான்சிஸ்டரைக் கழற்றி, வைத்து, மறுபடி கழற்றி, அந்தச் சூட்டில் ஒன்று செத்தே போனது.

டப்பாவை வாங்க அவர் வந்ததும், “நீங்க கொண்டாந்ததே செத்த சரக்கு தம்பி” என்று சொல்லிவிட்டேன்.

“டெஸ்ட் பண்ணித்தானேக்கா வாங்கினேன்” என்றார். டப்பாவைக்கூட எடுக்காமல் பஸ் ஏறப் போய்விட்டார்.

அந்த முகம் என்னைச் சோறு தின்ன விடவில்லை. மறுநாள் காலை கடை திறந்ததும் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு அந்தப் பொடி எழுத்தைக் கூட்ட ஆரம்பித்தேன். அரை மணி ஆனது. ‘பிளஸ் எர்த்தில் இருப்பது அச்சுப்பிழை அல்ல. இந்த வகை டிரான்சிஸ்டருக்கு அப்படித்தான். சூடு அதிகம் காட்டாதீர்கள்.’

எனக்கென்றே எழுதி வைத்த மாதிரி இருந்தது.

பேசாமல் இருந்திருந்தால் யாருக்கும் தெரியப்போவதில்லை. ஆனால் மனசு கேட்கவில்லை. என் கல்யாணத்துக்கு வந்த ரேடியோ அலமாரியில் இருந்தது. திறந்தேன். அதே வகை டிரான்சிஸ்டர். அதிலும் பிளஸ்தான் எர்த்! ஒன்றைக் கழற்றி, சூடு ஏறாமல் அதன் கம்பிக் காலைக் குறட்டால் பிடித்துக்கொண்டு சட்டென்று ஈயம் வைத்தேன். பேட்டரியைப் படத்தில் இருந்தபடியே மாட்டினேன். டப்பாவைப் பையில் போட்டுக்கொண்டு, போனில் அவரிடம் வீட்டுக்கு வழி கேட்டு, சிதம்பரம் பஸ் ஏறினேன்.

அவர் கிடாரை மாட்டி ஒரு தட்டுத் தட்டினார். தகரத்தைக் கிழித்த மாதிரி சத்தம். எனக்கு அது கெட்டுப்போன ஸ்பீக்கர்தான். அவருக்கோ முகமெல்லாம் பல்.

“எப்படிக்கா? செத்த சரக்குன்னீங்க?”

ஒரு பொய் நாக்கு நுனிவரை வந்தது. முழுங்கினேன். “சரக்கு நல்ல சரக்குதான். நான்தான் கொன்னேன். கீழ இருந்ததப் படிக்காமலே பாத்தாச்சுன்னுட்டேன். எனக்கு அவ்வளவா படிக்க வராது தம்பி.”

அறுபத்தெட்டு வயதில் அன்றுதான் முதல் தடவையாக அதைச் சொன்னேன்.

கிடாரைக் கழற்றிக் கீழே வைத்தார். பிறகு, “எனக்கு எழுத்துதான்க்கா படிக்க வரும், படம் வராது. ரெண்டு பேரும் சேந்து படிச்சிருந்தா அன்னிக்கே முடிஞ்சிருக்கும்” என்று சொல்லிவிட்டு, உள்ளே பார்த்து, “அக்காவுக்குக் காபி” என்று குரல் கொடுத்தார்.

இப்போது யார் எதைக் கொண்டுவந்தாலும், “கீழ இருக்கிறத மொதல்ல சத்தமா படிங்க” என்கிறேன். இதை நான் சொல்லச் சொல்ல எழுதிய மருமகளையும் கடைசி வரிவரை படிக்கச் சொல்லிக் கேட்ட பிறகுதான் கையெழுத்துப் போட்டேன். அதனால் என் கௌரவத்தில் ஒன்றும் குறைந்துவிடவில்லை.