முட்டு மாஸ்டரின் கடைசிப் பந்து

ஈரம் குடித்த தோற்பந்து மனித நெற்றியில் மோதும் ஓசையை இன்றைய பிள்ளைகள் கேட்டிருக்க வழியில்லை. திண்டுக்கல்லை அடுத்த அகரத்துத் தோப்புகளில் மழை விட்ட காலைப் பொழுதில் தென்னை நெற்று சேற்றில் விழும்போது ஒரு ‘தொப்’ எழுமே, அதைச் சற்றுக் கனமாக்கி, அடியில் எலும்பொன்று இருப்பதாகவும் எண்ணிக்கொண்டால் ஏறத்தாழ அவ்வோசை கிடைத்துவிடும். நான் ஆறாம் வகுப்பில் படித்த ஆண்டில், அவ்வோசை எழுந்தபோதெல்லாம் திண்டுக்கல் கைதட்டியது, நானும் தட்டினேன். ஒரு மனிதர் தம் பணியையும் நற்பெயரையும் இழக்கவிருந்தார் என்பதும், அவற்றுள் ஒன்றையேனும் காப்பாற்றியிருக்கக்கூடிய சொல் எங்கள் வாயில் இருந்தது என்பதும் அப்போது எனக்கு விளங்கவில்லை.

அவர் பெயர் டெக்லன். அயர்லாந்துக்காரர். எங்கள் ஊர் நூற்பாலை ஒன்றில் நூற்புப் பகுதியை மேற்பார்த்தவர். ஆலைத் தொழிலாளர்கள் அவரை ‘மாஸ்டர்’ என்றழைத்தனர். ஆலை அணிக்காக ஆடுகளத்தில் இறங்கி, காலால் உதைப்பதைவிடத் தலையால் முட்டுவதையே பெரிதும் விரும்பியதனால், விரைவில் ‘முட்டு மாஸ்டர்’ ஆனார். நாற்பத்தைந்து வயதைக் கடந்த பின்னும் அவர் எம்பினால், அவரினும் இருபது வயது இளையவர்கள் கீழே நின்று அண்ணாந்து பார்த்தார்கள்.

என் தந்தை, எங்கள் வழக்கில் அத்தா, தோல் பதனிடும் தொழில் செய்தவர். எங்கள் ‘தோல்ஷாப்பில்’ ஆவாரம்பட்டை குவியல் குவியலாகக் கிடக்கும்; அக்குவியல்களுக்கு நடுவே கிடந்த மரப்பெஞ்சில் ஞாயிறுதோறும் மாஸ்டர் வந்தமர்வார். ஆண்டுக்கொருமுறை ஐப்பசியில் ஆலை அணிக்கும் தோல் வணிகர் அணிக்கும் நடக்கும் ஆட்டத்திற்கு, அத்தாவே எருமைத்தோல் பொறுக்கிப் பந்து தைக்கக் கொடுப்பார். “நல்ல கனம் வேணும், ராவுத்தர்” என்பார் மாஸ்டர். இலேசான பந்து அவருக்குக் காகிதம்.

அவருடைய முன்கதை முழுவதையும் அந்தப் பெஞ்சில்தான் துண்டு துண்டாகக் கேட்டோம். துறைமுகத்தில் மூட்டை தூக்கியவரின் மகனாகப் பிறந்து, கம்பளி ஆலையில் வேலை பழகிக்கொண்டே காற்பந்து ஆடி, பத்தொன்பது வயதில் கடல் கடந்து இங்கிலாந்தின் ஆலை நகர் ஒன்றின் அணியில் சேர்ந்தார். போர் மூண்டு, ஓர் ஆட்டக்காரனின் மிக நல்ல ஆண்டுகளை விழுங்கிவிட்டது. எஞ்சிய காலத்தில் மூன்றே முறை தம் நாட்டின் பச்சைச் சட்டையை அணிந்தார். மூன்றாம் முறை, மழையில், தலையால் முட்டி வெற்றிக்கோல் போட்டார். பின்னர் முழங்கால் நைந்தது. பழகிய ஆலைத்தொழிலே அவரை இவ்வூருக்குக் கொண்டுவந்தது. நாட்டுக்காக ஆடியவர்க்கு அங்கே தொப்பி ஒன்று வழங்குவார்களாம். அதை அவர் கொண்டுவந்து காட்டியபோது, அத்தா தம் தலைத்தொப்பியைத் தொட்டுக்கொண்டு, “நாங்க ஒரு பந்தும் ஒதைக்காமயே போட்டிருக்கோம், மாஸ்டர்” என்றார். மாஸ்டர் கண்ணில் நீர் வரச் சிரித்தார்.

அவ்வாண்டு புரட்டாசியில் ஒருநாள் அவர் காலையில் வந்து பந்துக்குச் சொல்லிவிட்டுப் போனார். நண்பகலில் மீண்டும் வந்து சொன்னார். மாலையில் மூன்றாம் முறை வந்தபோது, அத்தாவின் வேலையாள் காசிம், “மொதலாளி, மூணு பந்து ஆச்சு. ஆளுக்கொண்ணு வச்சு ஆடப்போறாகளோ?” என்றார், தோல் அலசிக்கொண்டிருந்தவர்கள் எல்லாரும் சிரித்தனர். நான் சிரிக்கவில்லை. மூன்று முறையும் அவர் என்னிடம், “பாப்பா, உன் பேர் என்ன?” என்று கேட்டிருந்தார். பிறந்தநாள்தோறும் எனக்கு மிட்டாய் கொண்டுவந்தவர் அவர். அதை அத்தாவிடம் சொன்னேன். “பெரிய மனுசன் மறந்தா அது மறதி இல்ல, யோசன” என்று அவர் முடித்துவிட்டார்.

ஆட்டத்தன்று விடியுமுன் தொடங்கிய தூறல் நிற்கவேயில்லை. எருமைத்தோல் நீரை உறிஞ்சி உறிஞ்சிப் பந்து கருத்து வீங்கிற்று. இரு பக்கமும் ஒவ்வொரு கோலுடன் நின்ற நேரத்தில், வானத்திலிருந்து இறங்கிய பந்தொன்றை மாஸ்டர் முட்டினார், ‘தொப்’ என்றது, அவர் சேற்றில் உட்கார்ந்துவிட்டார். “எந்திரிங்க மாஸ்டர், நாத்து நடுற நேரமில்ல!” என்று எவனோ கத்த, கூட்டம் கொல்லென்று சிரித்தது. அவர் எழுந்தார். இரண்டு கம்பங்களையும் மாறி மாறிப் பார்த்தார். புதிதாக ஒரு வீட்டுக்குள் நுழைந்தவர் கதவு தேடுவதுபோல் இருந்தது அப்பார்வை.

பின்னர் எங்கள் தோல் வணிகர் அணியினர் உயரத் தூக்கியடித்த பந்து ஆலையின் கோலை நோக்கி வந்தது. மாஸ்டர் அதே திசையில் ஓடினார். ஆலையின் கோல்காவலர் செல்லையா, வேடசந்தூர்ப் பக்கத்து இளைஞர், “மாஸ்டர்! மாஸ்டர்!” என்று கத்திக்கொண்டு முன்னே வந்தார். மாஸ்டர் ஒரு கணம் அவரைப் பார்த்தார். பிறகு எம்பி, நான் அதுவரை கண்டிராத அழகுடன் முட்டித் தம் அணியின் வலைக்குள்ளேயே பந்தைச் செலுத்திவிட்டு, இரு கைகளையும் மழைக்கு உயர்த்தி நின்றார். அவர் முகத்தில் இருந்தது கலப்பற்ற மகிழ்ச்சி.

எட்டாண்டுகளாகத் தோற்றுவந்த எங்கள் பக்கம் வென்றது. அத்தா காசிமின் தோளைத் தட்டினார்: “ஏலே காசிமு, பாத்தியா? எட்டு வருசமாத் தோத்தவனுக்கு ஒரு தடவ விட்டுக் குடுத்திருக்காருடா. இதுல்ல மனுசத்தனம்!” அத்தாவின் உள்ளத்தில் கள்ளமில்லை, நட்புக்காக ஒருவர் தோற்கலாம் என்று உண்மையிலேயே நம்பியவர். அந்த நம்பிக்கையே கேடாயிற்று.

மறுநாள் அத்தா நன்றிக்காக ஒரு பெரிய ‘தேக்சா’ அண்டா நிறையப் பிரியாணி ஆக்கி, வாய்க்கு வெள்ளைத்துணி கட்டிக் குதிரைவண்டியில் ஏற்றி, காசிமையும் என்னையும் மாஸ்டரின் பங்களாவுக்கு அனுப்பினார். பங்களா ஆலை வளாகத்தினுள் இருந்தது. நாங்கள் வாயிலை அடைந்தபோது இரண்டு மணிச் சங்கு ஊதிற்று. காலை வேலைமுறை ஆட்கள் வெளியேற, மாலை வேலைமுறை ஆட்கள் உள்ளே நுழைந்துகொண்டிருந்தனர். “ராவுத்தர் வீட்டுத் தேக்சாடா” என்றான் ஒருவன். “யாருக்காம்?” என்றான் இன்னொருவன். முதலாமவன் மாஸ்டரின் பங்களாவை மோவாயால் காட்டினான். வண்டிக்கு வழி விட்டார்கள்.

உள்ளே, கூடத்து நாற்காலியில், மாஸ்டர் ஆட்டச் சட்டை அணிந்து காலணிக் கயிற்றை இறுக்கிக்கொண்டிருந்தார். எங்களைக் கண்டதும் முகமலர்ந்து, “மழை நின்னாச்சா? ஆட்டம் எத்தனை மணிக்கு?” என்றார். காசிம் என் கையைப் பிடித்தார்.

வீடு திரும்பி நான் சொன்னதைக் கேட்டு, அத்தா எழுந்து கதவைச் சாத்தினார். “புத்தி தடுமாறுதுன்னு வெளிய சொன்னா, நாளைக்கே அனுப்பிச்சிருவாக. வாயத் தெறக்காத, புள்ள” என்றார். காசிமுக்கும் அதே கட்டளை. காசிம் சாகும்வரை அதைக் காத்தார்.

ஆனால் ஊர் வாயைத் திறந்துவிட்டிருந்தது. அன்று மாலையே ஆலைச் சுவரில் கரியால் எழுதியிருந்தார்கள்: ‘சோத்துக்குக் கோலு வித்த துரை’. நூற்புப் பகுதியில் ஒருவனும் மாஸ்டரின் சொல்லைக் கேட்கவில்லை. அத்தா மேலாளரிடம் சென்று தாம் ஏதும் கைக்கூலி தரவில்லை என்று ஆணையிட்டார். தந்ததாகச் சொல்லப்பட்டவனே தரவில்லை என்றால் யார் நம்புவார்? நோயைப் பற்றி மட்டும், அப்போதும், அவர் வாய் திறக்கவில்லை. கார்த்திகை பிறக்குமுன் மாஸ்டரை ஊருக்கு அனுப்பிவிட்டார்கள். தொடர்வண்டி நிலையத்திற்கு வந்தவர்கள் நாங்கள் மூவர்தாம். வண்டி நகரும்போது அவர் சன்னல் வழியே, “அடுத்த ஐப்பசிக்கு நல்ல கனம் வேணும், ராவுத்தர்” என்றார். “செஞ்சு வைக்கிறேன், மாஸ்டர்” என்று சொல்லிவிட்டு, அத்தா வண்டியோடு சில அடி நடந்தார்.

இன்று எங்கள் தோல்ஷாப்பு இருந்த இடத்தில் திருமண மண்டபம் நிற்கிறது; ஆலை நிலம் மனைகளாகிவிட்டது; ஆடுகளத்தின் குறுக்கே சாலை ஓடுகிறது. கனத்த பந்தை ஆயுளெல்லாம் முட்டியவர்களின் மூளை நைந்துபோவதைப் பற்றி இக்காலத்துச் செய்தித்தாள்கள் எழுதுகின்றன. படிக்கும்போதெல்லாம் அத்தா பொறுக்கிய எருமைத்தோல் என் விரல்நுனியில் தட்டுப்படுகிறது.

சென்ற மாதம் கண் மருத்துவமனையில் என் முறைக்காகக் காத்திருந்தபோது, பக்கத்தில் அமர்ந்திருந்த முதியவர், “பேகம்பூர் ராவுத்தர் மகதானே நீங்க?” என்றார். செல்லையா. பேச்சு தானாகவே அந்த ஐப்பசிக்குச் சென்றது. அறுபதாண்டுகளுக்கு மேல் அடைத்து வைத்திருந்ததை நான் சொன்னேன்: “அண்ணே, அவரு கோல விக்கல. அவருக்கு எங்க நிக்கிறோம்னே தெரியல.”

“தெரியும்மா.”

“எப்படிண்ணே?”

“மாஸ்டர்னு கத்துனேன்ல? திரும்பி, ‘தம்பி, நீ யாரு?’ன்னு கேட்டாரு. நாலு வருசமா எனக்குப் பந்து புடிக்கப் பழக்குன மனுசன்.”

“அத அன்னைக்கே சொல்லியிருக்கலாமே?”

“புத்தி தப்புன ஆளு முட்டுன பந்தக்கூட ஒனக்குப் புடிக்கத் தெரியலயான்னு என்னையத்தான கேப்பாக? அவரு வித்துட்டாருன்னா எம்மேல பழி இல்ல. எனக்கு அப்பத்தான் கல்யாணமாகியிருந்துச்சு.”

“இப்பயாவது சொல்லுங்கண்ணே.”

“யாருகிட்ட? அன்னைக்கு எறங்குன ரெண்டு பக்கத்துலயும் நான் ஒருத்தந்தான் மிச்சம். ‘எந்த மாஸ்டரு?’ன்னுல்ல கேப்பாக.” கட்டுப் போட்ட கண்ணைப் புறங்கையால் அழுத்திக்கொண்டார். “ஒங்க அத்தாவுக்குத் தெரியுமா?”

“தெரியும். காசிமுக்கும்.”

“அப்ப நாலு பேரு” என்றார். விரல்களை மடக்கி எண்ணிவிட்டு மறுபடியும், “நாலு பேரு இருந்திருக்கோம், தாயி” என்றார்.

செவிலி அவர் பெயரைச் சொல்லி இருமுறை அழைத்தாள். அவர் மடக்கிய நான்கு விரல்களையும் பார்த்தபடியே இருந்தார், எழவில்லை.